வைக்கோலும் விறகும் கூலியல்ல

ஜேர்மனியில் பழங்கால உடையும் இசையும் வித்தையுமாக மத்தியகாலச் சந்தைகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றுக்காகக் கோட்டை வெளிகளையும் நகரச் சதுக்கங்களையும் கொடுக்கும் நகரசபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கடந்த குளிர்காலத்தில் உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் இசைக்குழுவுக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது. ஒரே பக்கம். சந்தை எந்த மூன்று நாள்கள், நாளொன்றுக்கு எத்தனை முறை வாசிக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஊர்வலம், பிளாஸ்டிக் போத்தல் வெளியே தெரியக்கூடாது, கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்று எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. கட்டணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: வைக்கோலும் விறகும் இலவசம், தொப்பியில் விழும் காசு உங்களுடையது.

அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். ஜேர்மன் மொழியில் எழுதியதை உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் இருக்கிறது. எஸ்லிங்கனின் நத்தார்காலச் சந்தைக்கும் பவேரியக் கோட்டைகளில் நடக்கும் கோடைச் சந்தைகளுக்கும் இப்போது தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. பிள்ளைகள் மரவாளோடு ஓடிவந்து என் முரசைத் தொட்டுப் பார்க்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அன்ரி, நீங்கள் தமிழோ?" என்று கேட்கிறார்கள். அவர்களின் பெற்றோரும் நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்கள். அந்தக் காசு யாரைச் சென்று சேர்கிறது, யாரைச் சேரவில்லை என்பதை அவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நான் 1987இல் பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள். வார நாள்களில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வார இறுதிகளில் ஐந்து பேர் கொண்ட குழுவில் வாசிக்கிறேன். இருவர் பைக்குழல், ஒருவர் ஷால்மை, ஒருவர் சிறுமுரசு, நான் தாவுல். தோளில் தொங்கவிட்டு ஒரு பக்கத்தைத் தடித்த கோலாலும் மறுபக்கத்தை மெல்லிய குச்சியாலும் அடிக்கும் பெரிய முரசு அது, துருக்கியர் வாசிப்பது. முதன்முதலில் அதன் பெயர் என் காதில் தவில் என்றே விழுந்தது. ஷால்மையும் நம் நாதசுவரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் குழல்தான். ஊரில் பெண்பிள்ளை என்பதால் நான் தொடக்கூட முடியாதிருந்த ஒன்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோட்டை முற்றத்தில் வேறு பெயரோடு என் தோளில் ஏறியது.

இந்தச் சந்தைகள் எனக்கு எவ்வளவு பிரியமானவை என்று சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். வெள்ளி இரவு கூடாரங்களுக்கு நடுவே எழும் புகை, ஈரக் கம்பளியின் வாசம், சனி காலை வாயில் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் எல்லோரும் தாமாகவே அமைதியாகிவிடுவது, அதன் பிறகு விழும் முதல் அடி. நாங்கள் கொல்லனின் பட்டறையைக் கடக்கும்போது அவர் தம் சுத்தியலை எங்கள் தாளத்தோடு சேர்த்துவிடுவார். யாரும் சொல்லிவைத்துச் செய்வதில்லை. என் இல்லத்தில் இருக்கும் முதியவர்களில் சிலரைச் சக்கரநாற்காலியில் ஒருமுறை அழைத்து வந்தேன். பேச்சு நின்று இரண்டு ஆண்டுகளான ஒரு மூதாட்டி பைக்குழல் கேட்டதும் கைவிரலால் மடியில் தாளம் போட்டார். இந்தச் சந்தைகள் இல்லாத ஒரு கோடைகாலத்தை நான் விரும்பவில்லை. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் அவை நின்றபோது எப்படி இருந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால்தான் கோபத்தோடு எழுதினாலும் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நாங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். 2025 யூலையில் போனோம். வெள்ளி மாலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து வரை, சனி காலை பதினொன்றிலிருந்து இரவு பத்து வரை, ஞாயிறு பதினொன்றிலிருந்து மாலை ஆறு வரை. இருபத்துநான்கு மணி நேரம். வாசிக்காத நேரத்திலும் உடையோடு சந்தைக்குள்தான் நிற்கிறோம். யாரோ படம் எடுக்கிறார், யாரோ குழலைப் பற்றிக் கேட்கிறார், ஒரு பிள்ளை முரசு அடித்துப் பார்க்க விரும்புகிறது. அதுவும் வேலைதான், நல்ல வேலை. ஞாயிறு மதியம் மழை பிடித்தது. மழையில் ஆட்டுத்தோல் தளர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் தீயருகே காட்டிச் சூடேற்றினேன். மாலையில் வைக்கோல்மேல் உட்கார்ந்து, தொப்பியை என் முரசின்மேல் கவிழ்த்து எண்ணினோம். மூன்று நாளுக்கும் சேர்த்து 212 யூரோ 40 சென்ட். டீசலுக்கு 75 யூரோ போக, ஆளுக்கு 27 யூரோ 48 சென்ட். அந்த ஆண்டு ஜேர்மனியில் சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலி 12 யூரோ 82 சென்ட். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு நாங்கள் பெற்றது இரண்டு மணிக்கூலிக்குச் சற்று மேல்.

தொப்பி நீதியானது, நன்றாக வாசித்தால் நன்றாக விழும் என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொப்பியோடு ஒரு நாள் நடந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். தொப்பி எல்லாக் கலைக்கும் ஒரே மாதிரி நிறைவதில்லை. தீப்பந்தம் எறிந்து பிடிக்கும் வித்தைக்காரர் கூட்டத்தை வட்டமாக நிறுத்துகிறார். அரைமணி நேரம் அவர்களைச் சிரிக்கவைத்து, கடைசி வித்தைக்கு முன் தொப்பியைப் பற்றிப் பேசி, வித்தை முடிந்ததும் நேரே அவர்கள் முகத்துக்கு எதிரே நீட்டுகிறார். அது ஒரு பெரிய திறமை. அவருக்குக் கிடைப்பது அவருக்கே உரியது. ஆனால் நாங்கள் ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிப்பவர்கள். ஒப்பந்தமே அப்படித்தான் கேட்கிறது: சந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய், எங்கும் இசை கேட்கிறது என்ற உணர்வை உண்டாக்க வேண்டும். நடக்கிற கூட்டத்திடம் யார் தொப்பி நீட்டுவது? நாங்கள் கடந்துபோய்விடுகிறோம், அவர்கள் புன்னகைத்துவிட்டு இறைச்சி வாட்டும் கடைப்பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

பொய்க்கால் கட்டி நடப்பவரை நினைத்துப் பாருங்கள். அவரால் குனிய முடியாது. கதைசொல்லி ஒரு சிறு கூடாரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். பிள்ளைகளிடம் காசு கிடையாது; பெற்றோர் அந்த அரைமணி நேரத்தில்தான் தேன்மது குடிக்கப் போகிறார்கள். வாள்வீச்சுக்காரர்களுக்கும் பார்வையாளருக்கும் நடுவே பாதுகாப்புக் கயிறு. வாயிலில் நின்று சந்தையைத் திறந்துவைக்கும் அறிவிப்பாளருக்குத் தொப்பியே இல்லை. இவர்களெல்லாம் இல்லாவிட்டால் அங்கே இருப்பது கடைகள் மட்டுமே. அதைப் பார்க்க யாரும் பதினைந்து இருபது யூரோ கொடுத்து வரமாட்டார்கள். நுழைவுச்சீட்டில் நீங்கள் விற்பது எங்களைத்தான். விளம்பரத் தாளில் இருக்கும் படமும் எங்களுடையது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நுழைவாயிலில் அட்டை இயந்திரம் வந்துவிட்டது. நல்லது, வரிசை குறைகிறது. ஆனால் அட்டையோடு வருபவரின் பையில் சில்லறை இல்லை. இருந்த சில்லறையும் மண்கிண்ணத்துக்கான முற்பணத்தில் போய்விடுகிறது. எங்களிடம் வந்து கையை விரித்து, மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொல்கிறார்கள்: காசு இல்லை, மிக நன்றாக இருந்தது. அவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வாயிலிலேயே கொடுத்துவிட்டார்கள்.

தொப்பி மத்தியகால மரபு என்பது அடுத்த பதில். நான் வாசித்து நேசித்த வரலாற்றை வைத்து எனக்கே சொல்லப்படுவதால், இந்தப் பதில்தான் என்னை மிகவும் காயப்படுத்துகிறது. உங்கள் சந்தையில் உருளைக்கிழங்கு அப்பம் பொரிக்கிறார்கள். கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன் இந்தக் கண்டத்தில் உருளைக்கிழங்கு இல்லை. வைக்கோலுக்கு அடியில் மின்கம்பி ஓடுகிறது. எங்கள் தோழர்கள் ஊதும் பைக்குழல் வகையே 1980களில் கிழக்கு ஜேர்மனியில் உருவானது. சந்தை இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று செய்தார்கள். என் தாவுலும் மத்தியகால நியூரன்பேர்க்கின் சொத்தன்று. இவை எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. மக்கள் மகிழ்ச்சியாக ஒரு நாளைக் கழிக்க வருகிறார்கள், பசிக்கிறது, கேட்க வேண்டும், இருட்டில் விழக்கூடாது. இத்தனைக்கும் இக்காலத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, எங்கள் கூலிக்கு மட்டும் 13ஆம் நூற்றாண்டு எதற்கு?

அந்த நூற்றாண்டையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1220க்கும் 1235க்கும் இடையில் எழுதப்பட்ட சாக்சன்ஷ்பீகல் என்ற சட்ட நூலை நீங்கள் அறிவீர்கள். உங்கள் சந்தைகளில் அதன் ஓவியங்களைத் துணியில் அச்சிட்டுத் தொங்கவிடுகிறீர்கள். ஒருவருக்குத் தீங்கு இழைத்தால் என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிலை மனிதருக்கும் அது விதிக்கிறது. இசைக்காரருக்கு விதித்த ஈடு: ஒரு மனிதனின் நிழல். கூலிக்குச் சண்டையிடுபவருக்கு: வெயிலில் கேடயம் மின்னும் மின்னல். பின்னால் வந்த தென் ஜேர்மன் சட்ட நூல் இதை விளக்கியும் சொல்கிறது. தீங்கு செய்தவன் வெயில்படும் சுவரருகே நிற்க வேண்டும். இசைக்காரன் போய்ச் சுவரில் விழும் நிழலின் கழுத்தில் அடித்துக்கொள்ளலாம். அத்துடன் அவனுக்கு நீதி கிடைத்துவிட்டது.

இதை முதன்முதலில் அறிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிழலில் அறைந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் அந்த முரசுக்காரன் என் கண்முன்னே நின்றான். அவனுக்கு மனைவி இருந்திருப்பாள். என்ன சொல்லியிருப்பான் அவளிடம்? இசைக்காரனுக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்ற மரபு உண்மையில் இருந்தது, மறுக்கவில்லை. அது அவனை உரிமையற்றவன் என்று தள்ளிவைத்த சட்டத்தின் மரபு. அதைத் தொடர்வதாகவா பெருமைப்படுகிறீர்கள்?

ஏனென்றால் அதே காலத்தில் வேறொரு மரபும் இருந்தது; அதைத் தேர்ந்துகொள்ள உங்களுக்குத் தடையேதும் இல்லை. 1288இலேயே வியன்னாவில் இசைக்காரர்கள் தங்களுக்கென ஒரு சகோதரத்துவச் சங்கம் அமைத்தார்கள். 1321இல் பாரிஸில் 37 பேர் சேர்ந்து தங்கள் தொழிலுக்கு விதிகள் எழுதிக்கொண்டார்கள். அந்த 37 பேரில் பெண்களும் இருந்தார்கள் என்பதை நான் தனி மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். வேலைக்கு ஆள் தேடி வருபவர் ஓர் இசைக்காரரோடு பேசும்போது மற்றவர் குறுக்கே விழக்கூடாது என்பது அவர்கள் விதிகளில் ஒன்று. இன்று பிரான்சிலுள்ள அல்சாஸில் ரப்போல்ட்ஷ்டைன் பிரபுக்கள் குழலூதுவோரின் காவலராக இருந்தார்கள்; அவர்களின் ஊரில் அந்தக் குழலோர் திருநாள் இன்றும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் கொண்டாடப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டிலிருந்து நகரங்கள் தங்களுக்கென்று இசைக்காரரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. கோபுரத்தில் நின்று ஊதுவதும் விழாக்களில் வாசிப்பதும் அவர்களின் பணி. சம்பளமும் உடுப்பும் நகரத்தின் பொறுப்பு. இசையமைப்பாளர் யோகான் செபஸ்தியான் பாஹின் தந்தை 1671 முதல் ஐசனாஹ் நகரில் பார்த்த உத்தியோகம் அதுதான். ஆகவே நகரசபையினரே, உங்களிடமும் இதைச் சொல்கிறேன். இசைக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது உங்கள் நகரத்துக்குப் புதியதல்ல. உங்கள் பழைய கணக்கேடுகளைத் திறந்தால் அங்கே அவர்கள் இருப்பார்கள்.

இங்கே என் தோலின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்; ஏனெனில் அதுவும் கூலியோடு சேர்ந்தே பேசப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தையில், அமைப்பாளரின் உதவியாளர் என்னைத் தனியே அழைத்தார். கீழைநாட்டுக் கடைத்தெரு மூலையில், இடுப்பில் காசு கட்டிய பாவாடையோடு நின்றால் எனக்குத் தனியே ஐம்பது யூரோ தருவதாகச் சொன்னார். குழுவோடு வாசிப்பதற்குப் பணமில்லை; குழுவை விட்டு வந்து வேடிக்கைப் பொருளாக நிற்பதற்குப் பணம் இருக்கிறது. நான் அவரிடம் மக்டெபுர்க் தேவாலயத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே புனித மொறிஸ் 13ஆம் நூற்றாண்டிலிருந்து, வலைக்கவசம் அணிந்த கறுப்பு வீரரின் சிலையாக நிற்கிறார். இன்னொருவரைப் பற்றியும் சொன்னேன். ஜோன் பிளாங்க் என்ற கறுப்பர், இங்கிலாந்து அரசவையில் எக்காளம் ஊதியவர். 1511இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த குதிரைப்போட்டியைத் தீட்டிய நீண்ட ஓவியச் சுருளில், தலைப்பாகையோடு குதிரைமேல் இரண்டு இடங்களில் அவரைக் காணலாம். நாளொன்றுக்கு 8 பென்ஸ் வாங்கிக்கொண்டிருந்த அவர், எட்டாம் ஹென்றி மன்னருக்கு மனு எழுதி 16 பென்ஸ் கேட்டார். மன்னர் ஒப்புக்கொண்டார். ஐரோப்பாவின் பழைய ஆவணங்களில் என் நிறத்துக்கு அருகே வரும் ஓர் இசைக்காரரைத் தேடிப் போனபோது, கூலி உயர்வு கேட்ட கையோடு அவர் எனக்குக் கிடைத்தார். அன்றிலிருந்து அவரை என் முன்னோர்களில் ஒருவராக எண்ணிக்கொள்கிறேன்.

என் சொந்த முன்னோர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். அன்றைய செலவு அவர் குடும்பத்தினுடையது. ஏழாந் திருவிழா என் அப்பப்பாவுடையது. கொடியேறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே அவர் வெற்றிலை பாக்கும் அச்சாரமும் எடுத்துக்கொண்டு மேளகாரர் வீட்டுக்குப் போவார். ஒருமுறை நானும் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்து தொகையைப் பேசித் தீர்த்த பிறகுதான் மற்றக் கதையெல்லாம். திருவிழா இரவில் தனித்தவில் உச்சத்துக்குப் போகும்போது ரசிகர்கள் எழுந்து சென்று சால்வை போர்த்துவார்கள், நோட்டுக் கொடுப்பார்கள். அது மேலதிகம். அந்தச் சால்வையை நம்பி வந்து வாசியுங்கள் என்று எந்த உபயகாரரும் எந்த மேளகாரரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்கு மேளமே வந்திராது. தொப்பியும் எனக்கு அப்படித்தான். ஒரு பிள்ளை இரண்டு யூரோவை இறுகப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்து போடும்போது நான் அடையும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. அந்த மகிழ்ச்சியைக் கூலியாக மாற்றிக் கெடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் செலவுகளை நான் அறியாதவள் அல்லள். 2016இல் பெர்லினிலும் 2024இல் மக்டெபுர்க்கிலும் நத்தார்ச் சந்தைகளில் கூட்டத்துக்குள் வாகனத்தை ஓட்டி நடத்திய கொடுமைக்குப் பிறகு, பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை ஒவ்வொரு வாயிலிலும் பார்க்கிறேன். தடுப்புகள், காவலர்கள், காப்புறுதி, கழிப்பறை, குப்பை, முதலுதவி. இவற்றில் ஒன்றையும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் தடுப்பு வைப்பவரிடமும் கழிப்பறை கொண்டுவருபவரிடமும், எங்களிடம் பணம் இல்லை, பார்வையாளர் விரும்பினால் போடுவார்கள் என்று நீங்கள் சொல்வதில்லை. சொல்லக்கூடிய ஒரே கூட்டம் நாங்கள். காரணம், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் என் பங்கை மறைக்கக்கூடாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் வைக்கோலுக்கும் விறகுக்கும் வாசித்தேன். எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. வாசிக்கக் கிடைத்ததே போதும் என்று எண்ணினேன். ஒரு மாலை முகாமில், இதையே தொழிலாகக் கொண்ட ஒரு பைக்குழல்காரர் என் அருகே வந்து உட்கார்ந்தார். போன ஆண்டு வரை அந்தச் சந்தையில் கட்டணத்தோடு வாசித்தவர். அந்த ஆண்டு எங்களைப் போன்ற குழுக்கள் சும்மா வருவதால் அவருக்குத் தொகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பார்வையாளராக டிக்கெட் வாங்கி வந்திருந்தார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் முரசின் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாக இறுக்கியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னார். எனக்கு அன்று விளங்கியது, நான் கொடுத்த அன்பளிப்பை நான் என் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஊரவர் தங்கள் ஊருக்காகச் சம்பளம் வாங்காமல் நடத்தும் விழாக்கள் வேறு. லான்ட்ஸ்ஹூட்டில் 1475இல் நடந்த அரச திருமணத்தை அந்த நகரத்தார் 1903 முதல் நடித்துக் காட்டுகிறார்கள். இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. அதற்காக மாதக்கணக்கில் தலைமுடி வளர்க்கிறார்கள். அது அவர்களின் தேர்த் திருவிழா, அதன் பலனும் அவர்களின் நகரத்துக்கே. அவர்களை உதாரணம் காட்டி எங்களைச் சும்மா அழைக்காதீர்கள். உங்களுடையது நுழைவுச்சீட்டு விற்று, கடைக்காரரிடம் இட வாடகை வாங்கி, ஊர் ஊராகப் போகும் தொழில். நல்ல தொழில், நேர்மையாகச் செய்யக்கூடிய தொழில்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கலைஞருக்கும் ஒரு நிலையான தொகை, ஒப்பந்தத்தில் எண்ணால் எழுதப்பட வேண்டும். தொப்பி அதற்கு மேல் இருக்கட்டும். மழை பெய்தாலும் புயல் எச்சரிக்கையால் சந்தையை மூடினாலும் அந்தத் தொகை மாறக்கூடாது. வானிலையின் நட்டத்தைச் சுமக்கக் கூடியவர் எங்களைவிட நீங்களே. போக்குவரத்துச் செலவு தனியே. தோலும் குழலும் நனையாமல் வைக்க ஒழுகாத ஒரு கூடாரம். வைக்கோலையும் விறகையும் நிறுத்திவிடாதீர்கள், இரவில் குளிரும்.

எண் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983இல் நடைமுறைக்கு வந்த கலைஞர் சமூகக் காப்புறுதியில் கட்ட வேண்டிய பணத்தில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார். மீதிப் பாதி மத்திய அரசிடமிருந்தும், கலைஞருக்குக் கட்டணம் கொடுப்பவர்கள் செலுத்தும் தீர்வையிலிருந்தும் வருகிறது. அந்தத் தீர்வை 2025இல் கட்டணத்தின் 5 வீதம். கட்டணமே இல்லையென்றால் அதன்மேல் தீர்வையும் இல்லை. அந்தக் காப்புறுதியில் இருக்கப் பொதுவாகக் கலைத்தொழிலில் ஆண்டு வருமானம் 3,900 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும். முரசின்மேல் கவிழ்த்து எண்ணிய சில்லறையை வைத்து அதை எட்டிக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று அந்தப் பைக்குழல்காரர் எனக்குச் சொன்னார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள் நான். முதுமைக்கு ஒன்றும் சேர்க்க முடியாமல் போன மனிதர்களின் கைகளை நாள்தோறும் கழுவுகிறேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை.

நகரசபைகளுக்கு ஒரு சொல். கோட்டை வெளி உங்களுடையது. யார் சந்தை நடத்துவது என்று தீர்மானிப்பவர்களும் நீங்கள். இடத்தைக் கொடுக்கும்போது இரைச்சல் அளவுக்கும் தீப்பாதுகாப்புக்கும் நிபந்தனை வைக்கிறீர்கள். அதே தாளில், கலைஞருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு வரி சேருங்கள். 2024 யூலை முதல், மத்திய அரசின் கலாசார நிதியைப் பாதிக்கு மேல் பெறும் திட்டங்களில் கலைஞருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் கொடுப்பது விதியாகியிருக்கிறது. சந்தைகள் அந்த நிதியில் நடப்பவை அல்ல, அந்த விதி எங்களைக் காக்காது. ஆனால் அதை எழுதிய கை எப்படி எழுதியது என்று பார்த்து நீங்களும் எழுதலாம்.

லான்ட்ஸ்ஹூட்டின் அந்தத் திருமணத்தில் செலவானவை கணக்கில் இருக்கின்றன: 40,000 கோழிகள், 1,94,345 முட்டைகள். முட்டையைக்கூடக் கடைசி ஐந்து வரை எண்ணி எழுதிய ஒரு நாட்டில், ஐந்து இசைக்காரருக்கு எதிரே ஓர் எண் எழுதுவது முடியாத காரியமாக இருக்க முடியாது.

அடுத்த கோடைக்கான ஒப்பந்தங்கள் நவம்பரிலிருந்து வரத் தொடங்கும். எங்கள் குழு ஐவரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். கட்டணம் என்ற இடத்தில் எண் இல்லாத தாள்களைக் கையெழுத்திடாமல், இந்த மடலின் பிரதியோடு திருப்பி அனுப்புவோம். இன்னும் நான்கு குழுக்களிடம் பேசியிருக்கிறோம்; இரண்டு குழுக்கள் சம்மதித்துவிட்டன. ஒரு கோடை முழுவதும் வாசிக்காமல் இருக்க நேர்ந்தால் எனக்கு அது மிகுந்த துயரமாக இருக்கும். முரசை நிலவறையில் வைக்கமாட்டேன், ஈரம் பிடித்துவிடும். கட்டிலருகே வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அன்புடன்,
தாவுல் வாசிப்பவள்